ரச வாளி

எங்கள் மடத்தில் குருபூசை அன்று முதல் பந்தி குழந்தைகளுக்கு. அடுத்து ஊர்ப் பெரியவர்களுக்கு. பரிமாறியவர்களும் குருவும் உட்காருவது கடைசியில்தான். மடத்துக்குள் ஒரு வயிறு காய்ந்திருந்தாலும் குரு இலையில் கை வைக்க மாட்டார். அது இங்கே வழக்கம்.

பந்தியைக் கவனிப்பவர் மாசிலாமணி, குருவின் மூத்த சீடர். அன்று மகள் பூங்கோதையையும் அழைத்து வந்திருந்தார். பதினாலு வயசுப் பெண். போன வருசம் போலவே குழந்தைகளோடு போய் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு வளர்ந்துட்டு இங்க என்ன வேலை? எழுந்திரு!"

இலை முன்னாலிருந்து எழுப்பிவிட்டார். அவளும் சரியென்று போய் ரச வாளியைத் தூக்கினாள்.

"சின்னப் புள்ளைக்கு இது எதுக்கு? கொட்டித் தொலைப்ப!"

வாளியைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த பந்தியில் ஓரமாக ஒரு இலை முன்னால் உட்கார்ந்தாள்.

"பெரியவங்க பந்தியில உனக்கென்னடி?"

அவ்வளவுதான். இலையைச் சுருட்டி வீசிவிட்டுக் குளத்தடிக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னய்யா மனுஷன் இவர்! அந்தப் பிள்ளை எங்கேதான் உட்காரும்? பெற்ற தகப்பனே இப்படி விரட்டினால் அது யாரிடம் போய்க் கேட்கும்?

கடைசிப் பந்தி. குரு இலை முன்னால் உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்டார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சாமி. குழந்தைங்க, பெரியவங்க, எல்லாரும் ஆச்சு" என்றார் மாசிலாமணி.

எனக்குப் பொறுக்கவில்லை. "பூங்கோதை சாப்பிடல சாமி" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாசிலாமணி என்னை முறைத்தார். "அவளுக்குத் திமிர் சாமி. முன்னெல்லாம் சொன்ன பேச்சு கேப்பா. இப்ப இலையைத் தூக்கி எறியுறா. நீங்களே கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க."

குரு எழுந்து குளத்தடிக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

"வா தாயி, சாப்பிடலாம்."

"நான் எங்க உக்காரணும் சாமி? அதை முதல்ல சொல்லுங்க." அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள்.

"உனக்கு என்ன ஆசை?"

"பரிமாறணும்."

"சரி. முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட வாளி தூக்கக் கூடாது."

தன் இலையிலேயே அவளை உட்கார வைத்தார். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு வேறு இலை போட்டு உட்கார்ந்தார். பூங்கோதை ரச வாளியோடு வந்தாள். குருவின் இலைக்குக் குனிந்தாள். கரண்டி சரிந்து, சுடச்சுட ரசம் குருவின் முழங்கால் மேல் கொட்டியது.

"சொன்னேன்ல! கொட்டுவான்னு அப்பவே சொன்னேன்ல!" மாசிலாமணி வாளியைப் பிடுங்கப் பாய்ந்தார்.

குரு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மறு காலில் வேட்டியை மெல்ல ஒதுக்கினார். முழங்காலுக்கு மேலே, வெற்றிலை அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு.

"இது யார் போட்டது, மாசிலாமணி?"

மாசிலாமணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"கொதிக்கிற பாயசம். அப்ப உனக்கு இவ வயசு. உன் கையில இருந்த வாளியை நான் புடுங்கினேனா?"

பிறகு குரு பூங்கோதையைப் பார்த்தார்.

"இலையில ஒண்ணும் விழலம்மா. இன்னொரு கரண்டி விடு."