ஓரிரு இடங்களில்

ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு என்று இறங்கி இறங்கி வந்த கதை இது. நடந்து தீராத பெரிய நாடு ஒன்று இருந்ததாம். வடக்கே பனியில் பல் கிட்டும்போது தெற்கே ஆள் வியர்த்து நிற்பானாம். அந்த நாட்டின் தென்கடலோரக் குன்றின்மேல் கீற்று வேய்ந்த ஒரு வானிலை மடம். அதில் வெண்காடர் என்று ஒரு குரு. அவருக்கு அம்பலவாணன் என்று ஒரு சீடன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் மடத்துக்கு ஓய்வே கிடையாது. நாலு திசையிலிருந்தும் ஓட்டக்காரர்கள் மேகச் சேதி கொண்டுவருவார்கள். அடுத்த சில நாள் நாடு முழுக்க வானம் எப்படி இருக்கும் என்று குரு ஒரு வாசகம் சொல்வார். முரசுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள்.

அந்தத் தடவை குரு, "நீயே சொல்லு, அம்பலம்" என்றுவிட்டார்.

அம்பலவாணன் வந்த சேதிகளைக் கூட்டிப் பார்த்தான். வடக்கே குளிர் என்றான். மேற்கே வறண்ட காற்று என்றான். தென்கடலோரம் வந்ததும் தயங்கினான். கிழக்கே கடலுக்கு மேல் ஒரு மேகம் கிடந்தது. வருவது போலவும் இருந்தது, விலகுவது போலவும் இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால்?

"தென்கடலோரத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்று முடித்தான்.

முரசுக்காரர்கள் போனதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இனி அவன் சொல் பொய்யாகாது.

மறுநாள் காலையில் ஒரு பெண் குன்றேறி ஓடிவந்தாள். கீழே தெரிகிற உப்பளத்துக்காரி, முத்திருளாயி.

"சாமி, அந்த ஓரிரு இடத்துல எங்க அளமும் சேர்த்தியா?"

குரு சீடனைப் பார்த்தார்.

"அதை அப்படிக் குறிப்பாச் சொல்ல முடியாதும்மா" என்றான் அம்பலவாணன்.

"ஒரு வருச உப்பு அம்பாரமாக் குவிஞ்சு திறந்து கிடக்கு, தம்பி. கீற்று போட்டு மூடணும். வீட்டுக்காரரு கால் முறிஞ்சு படுத்திருக்காரு. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

"ஊர்ல கூப்பிட்டா வரமாட்டாங்களா?"

"எந்த வருசமும் கூப்பிடாமலே வருவாங்க. இந்தத் தடவை ஒருத்தரும் அசையலை. அவங்க அம்பாரமும் திறந்துதான் கிடக்கு. 'ஓரிரு இடம்னுதானே சொன்னாங்க, அது பக்கத்து ஊரா இருக்கும்'ங்கிறாங்க. பக்கத்து ஊர்ல கேட்டா, அது எங்க ஊராம்! எங்க மாமியா ஒருபடி மேல. ஓரிருன்னு ஒரு ஊரே இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, 'பாவம் அந்தச் சனங்க, எப்பப் பாத்தாலும் நனையுதுங்க'ன்னு பரிதாபப்படுது."

குரு சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தம்பி. ஊரே ஓடிவந்துரும்."

அம்பலவாணன் மேகத்தைப் பார்த்தான். நேற்றைவிடக் கறுத்திருந்தது. நேற்றைவிடத் தள்ளியும் இருந்தது. ஆமாம் என்று சொல்லி, பெய்யாமல் போனால்? இல்லை என்று சொல்லி, கொட்டிவிட்டால்?

"கீற்று இருக்கா, தாயி?" என்று கேட்டார் குரு.

"பாதிக்குத்தான் காணும், சாமி."

குரு வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறினார். கட்டுகளை அறுத்துக் கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். அம்பலவாணன் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே வானம் தெரிந்தது.

"ஐயா! என்ன பண்றீங்க? மழை வந்தா உள்ளே கொட்டுமே!"

குரு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். "ஓரிரு இடத்துலதானே? இங்கயா இருக்கப்போகுது!"

அம்பலவாணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கீழே இறங்கிய குரு கீற்றுகளை இரண்டு கட்டாகக் கட்டினார். ஒன்றை முத்திருளாயி தலையில் ஏற்றிவிட்டார். மற்றதை அங்கேயே வைத்துவிட்டு, வாய்க்கால் வெட்ட மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். அவள் முன்னால் இறங்கினாள்.

"ஐயா, அப்ப மழை அவங்க அளத்துலதான் பெய்யுமா?"

"தெரியாது."

"தெரியாமலா போறீங்க?"

"தெரிஞ்சா இங்கிருந்தே சொல்லியிருப்பேனே, அம்பலம்."

குரு இறங்கிப் போய்விட்டார்.

அம்பலவாணன், கிடந்த கீற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் போன வழியே இறங்கினான். மேகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.