அழுங்கு சட்டை போட்ட நாள்

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதர்களும் ஒரே சந்தையில் நின்று ஒரே பாஷையில் பேரம் பேசிய காலத்தில், எறும்புதின்னி என்று சொல்கிறோமே, அந்த அழுங்குக்கு உடம்பில் ஒரு செதில்கூடக் கிடையாது. தோல் உரித்த வள்ளிக்கிழங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். ஆனால் வாய் நிறையப் பல் இருந்தது. ஊசி ஊசியான பற்கள். கடித்தால் காட்டுப்பன்றியே ஊரைக் கூட்டிவிடும்.

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு காட்டில் அப்படி ஓர் அழுங்கு வாழ்ந்தாள். உடம்பு அவ்வளவு மெத்தென்று இருந்ததால் எல்லாரும் அவளை மெத்தை என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரே குட்டி, பெயர் குன்றி. அம்மாவின் வால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் ஊர் சுற்றும். எதைக் கண்டாலும் கிட்டே போய் மோந்து பார்க்காமல் அதற்குத் தூக்கம் வராது.

அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தான். போன மழைக்காலத்தில் குன்றியைத் தூக்கிக்கொண்டு போகப் பாய்ந்தான். மெத்தை திரும்பி அவன் மூக்கைக் கடித்துத் துரத்திவிட்டாள். ஆனால் அதற்குள் அவன் நகம் அவள் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. புண் ஆறுவதற்குள் தை பிறந்துவிட்டது. அடுத்த முறை அந்த நகம் இன்னும் ஆழமாக இறங்கினால் இந்தக் குட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்ற கவலை அவளை விடவில்லை.

பக்கத்துப் புதரில் குடியிருந்த முள்ளம்பன்றிதான் வழி சொன்னான்.

"ஆறு கடலில் விழுகிற இடத்தில் பங்குனியில் படைக்கலச் சந்தை கூடும் அக்கா. கப்பல் ஏறி எங்கெங்கேயோ இருந்து சண்டைக்காரர்கள் வருவார்கள். அத்தனை வித்தையில் ஒன்றுகூடவா உங்களுக்குப் பொருந்தாது?"

"சிறுத்தையும் வருவானே?"

"வருவான். வந்தால் என்ன? மணலில் கோடு கிழித்து ஒரு களம் வைத்திருப்பார்கள். கோட்டுக்குள் இறங்கியவர்கள் மட்டும் மோதலாம். வெளியே நிற்பவர்களை யாரும் தொடக்கூடாது. அது அந்தச் சந்தையின் சட்டம்."

மெத்தை குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சந்தை என்றால் அப்படியொரு சந்தை! சேவல்கள் கால்முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தன. எருமைகள் கொம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் வேல், ஒரு பக்கம் வாள், ஒரு பக்கம் சுக்கு வெந்நீர். எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் ஊர்ச் சண்டைதான் சண்டை என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மெத்தை போய் நின்றது திமோன் என்ற யவன வீரனிடம். மேற்கே கடல் கடந்து வந்தவன். மார்பில் வெண்கலத் தகடு, தலையில் செம்பட்டைக் குஞ்சம் வைத்த கவசத் தொப்பி, கையில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு கேடயம்.

"எங்கள் நாட்டில் யாரும் தனியாக நின்று சண்டை போட மாட்டோம் அம்மா," என்றான் அவன். "தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்போம். என் கேடயத்தில் பாதி எனக்கு, பாதி என் இடப்பக்கத்து ஆளுக்கு. வரிசை உடையாத வரைக்கும் யமனே வந்தாலும் உள்ளே வர முடியாது."

"என் இடப்பக்கத்தில் யாரும் இல்லையே ஐயா. வாலில் இந்தக் குட்டிதான் இருக்கிறது."

திமோன் தாடையைச் சொறிந்தான். சரி, தூக்கித்தான் பாருங்களேன் என்று கேடயத்தைக் கொடுத்தான். அது பானைமேல் மூடி விழுந்த மாதிரி மெத்தைமேல் கவிழ்ந்தது. உள்ளே குன்றி கிளுகிளுவென்று சிரித்தது.

அடுத்தவன் ஹாரித், மணல் நாட்டுக் குதிரைவீரன். இரும்பு வளையங்களைக் கோத்துக் கோத்துச் செய்த சட்டை போட்டிருந்தான். இடுப்பில் பிறை மாதிரி வளைந்த வாள்.

"வெட்டிவிட்டு நிற்கவே கூடாது. வெட்டு, விலகு, சுற்றிக்கொண்டு மறுபடி வா. நேர்வாளாக இருந்தால் குதிரை போகிற வேகத்தில் மாட்டிக்கொள்ளும். இது வழுக்கிக்கொண்டு வந்துவிடும்."

"குதிரை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?"

"வீட்டில் இருப்பார்கள்," என்றான் ஹாரித், கள்ளமில்லாமல்.

"இந்தச் சட்டையாவது நகத்தைத் தாங்குமா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "வெட்டைத் தாங்கும். கூரான முனை குத்தினால் வளையத்துக்குள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

மெத்தைக்கு முதுகுத் தழும்பு ஒருமுறை சுருக்கென்றது.

மூன்றாமவன் நம் மலைநாட்டுச் சிலம்பக்காரன் பொருப்பன். இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு மூங்கில் கம்பு. அவ்வளவுதான் அவன் சொத்து. மற்ற இருவரையும் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்த வெயிலில் இரும்பைச் சுமந்தால் எதிரி வருவதற்குள் நாமே வெந்துவிடுவோம். அடி விழுகிற இடத்தில் நாம் இல்லாமல் இருந்தால் போதும் அக்கா. கால்தான் கவசம். இப்படி ஓர் அடி வைத்து, இப்படித் திரும்புங்கள்."

மெத்தை வைத்தாள், திரும்பினாள். வாலில் இருந்த குட்டி ஒரு பக்கம் இழுத்தது. இரண்டும் மணலில் உருண்டன.

"குட்டியை இறக்கிவிட்டால் நன்றாக வரும்," என்றான் பொருப்பன்.

"அதுதானே தம்பி முடியாது."

அதற்குள் வீரர்கள் மூவருக்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. கம்பு இரும்பை என்ன செய்யும் என்று திமோன் கேட்க, ஓட முடியாதவனுக்குக் கேடயம் எதற்கு என்று ஹாரித் கேட்க, பொருப்பன் இரண்டு பேரையும் களத்துக்கு அழைத்தான். முள்ளம்பன்றி ஒவ்வொரு கட்சிக்கும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மெத்தை மெல்ல ஒதுங்கிப் புன்னை மர நிழலுக்கு வந்தாள். அங்கே கொற்றி என்ற பெண் ஒரு விநோதமான சட்டையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எருமைக் கொம்பை வேகவைத்துச் சீவி, இலை இலையாக நறுக்கி, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படியத் தோலில் தைத்திருந்தாள்.

"தகடு மாதிரி தடுக்கும், ஆனால் மடங்கும்," என்றாள். "என்ன பிரயோஜனம்? கொம்பு பத்தாமல் சின்னதாகப் போய்விட்டது. மனிதர் யாருக்கும் நுழையவில்லை. நாயிடம் காட்டினேன். நான் என்ன மீனா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது."

மெத்தை சட்டையைத் தடவிப் பார்த்தாள். "நான் போட்டுப் பார்க்கட்டுமா?"

அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. மூக்கிலிருந்து வால் நுனிவரை செதில். ஆனால் வயிற்றுப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது.

"இங்கே வேண்டாமா தங்கச்சி?"

"கொம்பு பத்தவில்லை என்றேனே. அடுத்த சந்தைக்குள் கிடைத்தால் தைத்துத் தருகிறேன் அக்கா. அதுவரைக்கும் வயிற்றை யாரிடமும் காட்டாதீர்கள்."

கொற்றி வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மெத்தை குனிந்து தன்னைத் தானே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். வாலில் குட்டி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திமோன் கழற்றிவைத்த தொப்பி காற்றில் உருண்டு களத்துக்குள் போயிருந்தது. அந்தச் செம்பட்டைக் குஞ்சத்தை மோந்து பார்க்கக் குன்றியும் பின்னாலேயே போயிருந்தது. கோட்டைத் தாண்டி, களத்தின் நட்டநடுவில்.

காலையிலிருந்து கோட்டோரத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்த சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தான்.

"எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவாகத்தான் உள்ளே வந்தது," என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தான்.

ஒரே அமளி. திமோன் கேடயத்துக்குக் கை நீட்டினான். அது அவனுக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. ஹாரித்தின் குதிரை சிறுத்தை வாடை பட்டதும் அவனைச் சுமந்துகொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டது. பொருப்பன் ஓடினான், ஆனால் களத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓட வேண்டியிருந்தது. முள்ளம்பன்றி முள்ளை விரித்துப் பின்பக்கமாகவே பாய்ந்து, திமோனின் காலில் போய் மோதினான்.

மெத்தைதான் முதலில் போய்ச் சேர்ந்தாள்.

சிறுத்தையின் மூக்கு அவள் முகத்துக்கு நேர்மேலே இருந்தது. கடிக்க வாயைத் திறந்தாள். கடிக்க வேண்டுமானால் எம்ப வேண்டும். எம்பினால் வயிறு தெரியும், வயிற்றடியில் குட்டி தெரியும். திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அவள் குன்றியின்மேல் விழுந்தாள். சட்டை மூடாத வயிற்றோடு அதை அணைத்தாள். தலையை உள்ளே மடக்கி, முதுகைச் சுற்றி வளைத்து, வாலைத் தலைக்குமேல் கொண்டுவந்து, அந்த வால் நுனியைத் தன் பல்லாலேயே கவ்விப் பிடித்துக்கொண்டாள்.

களத்தில் அழுங்கையும் காணோம், குட்டியையும் காணோம். ஒரு பந்து மட்டும் கிடந்தது.

சிறுத்தை அறைந்தான். நகம் செதிலில் சறுக்கியது. கடித்தான். எங்கே கடித்தாலும் முதுகாகவே இருந்தது. இரண்டு கையாலும் தள்ளினான், பந்து உருண்டது. துரத்திப் பிடித்தான், மறுபடி உருண்டது. சந்தையே களத்தைச் சுற்றிக் கூடிவிட்டது. யாரோ ஒரு சேவல் முதலில் சிரித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

பந்துக்குள் கும்மிருட்டு.  மெத்தையின் தாடை வலியில் விண்விண்ணென்று தெறித்தது. விட்டால் போயிற்று என்று இன்னும் இறுக்கினாள். அவள் வயிற்றோடு ஒட்டிக்கிடந்த குன்றி மெதுவாகக் கேட்டது:

"அம்மா, இன்னொரு தடவை உருட்டச் சொல்லேன்."

"ம்ம்," என்றாள் மெத்தை. வாய் நிறைய வால்.

வெயில் சாய்ந்தது. சிறுத்தைக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், முன்காலை நக்கிக்கொண்டான். "எனக்கு இன்றைக்குப் பசியே இல்லை," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்தான்.

பந்து மெல்ல விரிந்தது. குன்றி முதலில் தலையை நீட்டி, எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மகிழ்ந்துபோனது. மெத்தை வாலை விட்டாள். பற்கள் எல்லாம் வாலோடே வந்துவிட்டன. ஒன்றுகூட மிச்சமில்லாமல், மாதுளை முத்து மாதிரி மணலில் உதிர்ந்தன. அவள் நாக்கால் ஈறைத் துழாவிப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பொக்கை வாயைத் திறந்து அவள் சிரித்த சிரிப்பில் மற்றவர்களுக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கொற்றி வாரை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றப் பார்த்தாள். "ஆ! வலிக்கிறது!" என்றாள் மெத்தை. உருண்ட சூட்டிலும் வேர்வையிலும் சட்டையின் தோலும் அவள் தோலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன.

"இனி இது உங்கள் உடம்பு அக்கா," என்றாள் கொற்றி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

திமோன் நொண்டிக்கொண்டே வந்தான். முழங்காலில் முள்ளம்பன்றி முள் இரண்டு. நனைந்து சொட்டச் சொட்ட ஹாரித் வந்தான். பொருப்பன் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"எத்தனையோ நாட்டுச் சண்டை பார்த்திருக்கிறோம். இது எந்த நாட்டு வித்தை அம்மா?" என்று கேட்டான் திமோன்.

"வித்தையெல்லாம் இல்லை ஐயா. குட்டியைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்," என்றாள் மெத்தை. பல்லில்லாத வாயிலிருந்து அது புஸ்புஸ்ஸென்று காற்றாக வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது.

திரும்பும் வழியில் பசி எடுத்தது. கடிக்கப் பல் இல்லை. வழியில் இருந்த கறையான் புற்றில் குன்றி வழக்கம்போல மூக்கை நுழைத்தது. மெத்தையும் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள். கறையான்கள் கோபத்தோடு மேலேறிக் கடித்தன. செதிலில் அவற்றின் கடி ஏறவில்லை. அவளுக்கு அந்த ருசி பிடித்துப்போயிற்று. அடுத்த சந்தைக்குள் கிடைத்த கொஞ்சம் கொம்பில், மெத்தை கேட்டுக்கொண்டபடி, அவள் வயிற்றுக்குப் பதிலாகக் குன்றிக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொடுத்தாள் கொற்றி; அதுவும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. குன்றியின் பால்பல் விழுந்த பிறகு புதுப்பல் முளைக்கவே இல்லை. பின்னால் அதற்குப் பிறந்தவை எல்லாம் சட்டையோடே பிறந்தன.

அன்று முதல்தான் அழுங்குக்கு முதுகெல்லாம் செதில், வாயில் பல் இல்லை, வயிற்றில் வெறும் தோல். ஆபத்து வந்தால் அது யாரையும் கடிக்கப் போவதில்லை, தன் குட்டியை அந்த மெல்லிய வயிற்றோடு அணைத்துக்கொண்டு உலகத்துக்கு முதுகைக் காட்டிச் சுருண்டுவிடுகிறது.