செம்மண் பூசிய கொட்டைகள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடை கிளை பிரிகிற இடத்தில், ஒரு கரடியம்மா தேன்நெல்லி விற்று வந்தாள். குழந்தைகளே, அந்தக் காட்டில் இன்றைக்கும் நாலு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அந்தக் கடைக்குத்தான் வந்து சேரும்.

கடை என்றால் கூரையும் கதவும் கிடையாது. ஒரு நாவல் மரம், அதன் நிழல், அவ்வளவுதான். கரடியம்மாவின் குகைக்குப் பின்னால் இருபது பாறைக்குழிகள் இருந்தன. தை மாதத்தில் அந்தக் குழிகளில் நெல்லிக்காயைக் கொட்டி, மேலே தேனை ஊற்றி, இலை போட்டு மூடி வைப்பாள். ஐந்து மாதம் ஊறும். ஆனி பிறந்ததும் சுரைக்குடுக்கையில் மொண்டுகொண்டு, இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, காலையிலேயே ஓடைக்கு வந்துவிடுவாள்.

தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள். கையோடு ஒரு தேக்கிலை கொண்டுவருவார்கள். முதலில் ஒரு காய் வாயில் போட்டுப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பத்து வாதாங்கொட்டை கொடுத்து ஒரு இலை நிறைய வாங்கிக்கொண்டு போவார்கள். மான்குட்டிகள் கரடிக்குட்டிகளின் காதைப் பிடித்து இழுக்கும். யார் வீட்டில் குட்டி பிறந்தது, எந்தப் பக்கம் புலி நடமாட்டம் என்று எல்லாச் செய்தியும் அந்த மரத்தடியில் கிடைக்கும்.

தினமும் தவறாமல் வருகிறவன் கீரி. கரடியம்மாவின் குகைக்குப் பக்கத்துப் பொந்துதான் அவன் வீடு. காயை வாயில் போட்டதும் ஒரு கண்ணைச் சுருக்கி, "இன்னிக்குக் கொஞ்சம் புளிப்பு" என்பான்.

"புளிச்சா வச்சிட்டுப் போயேன்" என்பாள் கரடியம்மா.

அவன் வைக்க மாட்டான். இலையைக்கூட நக்கிவிட்டுத்தான் போவான். ஒரு நாள்கூட அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் அவன் வராமல் கடையைக் கட்டவும் கரடியம்மாவுக்கு மனசு வராது.

பத்துக் கொட்டையில் மூன்று, நெல்லி பறித்துக் கொடுக்கும் அணில்களுக்கு. மீதி ஏழு குகைக்குப் போகும். குகைச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கொட்டைக் குவியல் அந்தக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். தொட்டால்தான் நாற்பது நாள் மழைக்கும் மூன்று வயிறு நிரம்பும். எல்லா வருஷமும் தொட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆனி மாதம் மரங்கொத்தி வந்தான். அவன் பேச்சில் கெட்டிக்காரன். ஒரு வார்த்தை பேசுவான், ஒரு தடவை மரத்தைக் கொத்துவான்.

"என்னக்கா இது, இன்னும் இந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கே? இங்க எத்தனை பேர் வருவாங்க? நாப்பது பேரா?"

"முப்பது, முப்பத்தஞ்சு" என்றாள் கரடியம்மா.

"காடு எவ்வளவு பெரிசு! அந்த மலைக்கு அந்தப் பக்கம் தேன்நெல்லின்னா என்னன்னே தெரியாம ஆயிரம் பேர் இருக்காங்க. இப்ப எங்க ஆளுங்க காடு முழுக்க மரத்துக்கு ஒருத்தரா இருக்கோம். வேணுங்கறவங்க அவங்க வீட்டு மரத்தை ஒரு தட்டு தட்டினாப் போதும். நாங்க மரத்துக்கு மரம் தட்டி உனக்குச் சொல்லிடுவோம். பொருள் வீடு தேடிப் போயிடும். அவங்க ஓடைப்பக்கமே வர வேண்டாம்."

"உனக்கு என்ன லாபம்?"

"ஒரு தட்டலுக்கு ரெண்டே ரெண்டு கொட்டை. பத்துல ரெண்டு என்னக்கா பெரிசு?"

கரடியம்மா யோசித்தாள். முப்பது பேருக்கே குவியல் கோட்டைத் தொடுகிறது. முந்நூறு பேர் என்றால் குகையே நிரம்பிவிடாதா? "சரி" என்றாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கக் குரங்குகள் வந்தன. "நடைக்கு ரெண்டு" என்றன. இலையில் கட்டினால் தேன் வழியெல்லாம் ஒழுகியது. அதனால் முள்ளம்பன்றி மூங்கில் குழாய் வெட்டி, மெழுகு வைத்து அடைத்துக் கொடுத்தான். "குழாய்க்கு ஒண்ணே ஒண்ணு" என்றான். காட்டில் யாருக்கும் கரடியம்மாவின் பெயர் தெரியாதே! அதற்கு மயில் வந்தான். தோகையை விரித்துப் பெயரைச் சொல்லிக் கூவுவதாகச் சொன்னான். "வித்தா மட்டும், குழாய்க்கு ஒண்ணு" என்றான். எல்லாரும் ஒன்று, இரண்டு என்றுதான் கேட்டார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

தட்டல் கடை பிய்த்துக்கொண்டு போனது. டொக் டொக் என்று நாலு பக்கமும் சத்தம். கரடியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற கொட்டையை வாரிக் குகைக்குள் வீசுவாள். சாயங்காலம் எல்லாரும் வரிசையில் நின்று கை நீட்டுவார்கள். அதே குவியலிலிருந்து அள்ளி அள்ளிக் கொடுப்பாள். "பார்த்தீங்களா, எத்தனை தட்டல்!" என்று குட்டிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஓடைக்குப் போக நேரம் இல்லை. நாவல் மரத்தடி காலியாகக் கிடந்தது.

"அம்மா, மான்குட்டியைப் பார்த்து எத்தனை நாளாச்சு?" என்று இளைய குட்டி கேட்டது.

"வியாபாரம் பெருகட்டும்டா. அப்புறம் போகலாம்" என்றாள்.

ஆடி வந்தது. மரங்கொத்தி ஓடி வந்தான். "அக்கா, ஆடித் தள்ளுபடி போடு! காடு முழுக்கப் போட்டுட்டாங்க. நீ மட்டும் பத்துன்னு நின்னா யாரு தட்டுவாங்க? எட்டுன்னு வை. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம்னும் சொல்லிடு. அப்புறம் பாரு கூட்டத்தை!"

எட்டு என்று வைத்தாள். கூட்டம் அலைமோதத்தான் செய்தது. திரும்பி வந்த குழாய்களும் அலைமோதின. நரி ஒரு குழாயைத் திருப்பி அனுப்பியது. உள்ளே தேன் சுத்தமாக நக்கப்பட்டு, இரண்டு காய் மட்டும் கிடந்தது. "ருசி இல்லையாம்" என்றது குரங்கு. ஆமை வாங்கிய குழாயோ வீடு போய்ச் சேராமலே திரும்பியது. "வீட்டைக் காணோம்மா. முதுகுல தூக்கிட்டு வேற எங்கேயோ போயிட்டாரு. போக ரெண்டு, வர ரெண்டு, நாலு கொட்டை குடு" என்று குரங்கு கை நீட்டியது. கரடியம்மா கொடுத்தாள். கூட்டம் அதிகமாக இருந்ததால் அவளுக்குக் கோபப்படக்கூட நேரம் இல்லை.

புரட்டாசி பாதியில் பாறைக்குழிகளை எட்டிப் பார்த்தாள். இருபதில் பதினேழு காலி. இத்தனை விற்றிருக்கிறோமே, குவியல் கோட்டைத் தாண்டியிருக்கும் என்று ஆசையோடு குகைக்குள் போனாள்.

குவியல் குட்டியின் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். இரண்டு குட்டிகளும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றன.

"திருட்டு!" என்று கத்தினாள். "யாரோ திருடியிருக்காங்க!"

யார் திருடியிருப்பார்கள்? பக்கத்துப் பொந்து யாருடையது? இரவு பகலாக அருகில் இருப்பவன் யார்? முன்பின் யோசிக்காமல் கீரியின் பொந்து வாசலில் போய் நின்றாள்.

"வெளியே வாடா! என் குட்டிங்க சோத்துல கைவைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

கீரி வெளியே வந்தான். முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் முகம் சுருங்கிப்போனது.

"இத்தனை வருஷம் உன் கையால வாங்கித் தின்னவன் நான். ஒரு நாள் ஒரு கொட்டை குறைச்சுக் குடுத்திருக்கேனா?"

"பேசாதே! நாளைக்கே உன்னைப் பிடிச்சுக் காட்டறேன்."

கீரி உள்ளே போய், ஒரு கல்லை நகர்த்திப் பொந்தை அடைத்துக்கொண்டான்.

கரடியம்மா ஓடைக்குப் போய்ச் செம்மண் எடுத்துவந்தாள். தண்ணீரில் குழைத்து, குவியலில் இருந்த அத்தனை கொட்டைக்கும் பூசிக் காயவைத்தாள். சிவப்புக் கொட்டை எவன் வீட்டில் இருக்கிறதோ அவன்தான் திருடன். நல்ல யோசனைதான். ஆனால் அன்று சாயங்காலமும் வரிசையில் கை நீட்டியவர்களுக்கு அதே குவியலிலிருந்து வழக்கம்போல் அள்ளிக் கொடுத்தாள். கேட்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி சிவப்புக் கொட்டையை மடியில் போட்டுக்கொண்டு, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முதலில் மரங்கொத்தியின் பொந்து. உள்ளே சிவப்புக் கொட்டைகள் குவிந்து கிடந்தன.

"நீயா திருடன்?"

"திருடனா? நேத்து சாயங்காலம் நீதானேக்கா குடுத்தே? தட்டலுக்கு ரெண்டு. முதல் நாளே சொன்னேனே, எதையாவது மறைச்சேனா?"

அவன் மறைக்கவில்லை. கரடியம்மா மேலே நடந்தாள். குரங்குகளின் கன்னமெல்லாம் சிவப்புக் கொட்டையால் உப்பியிருந்தது. "நடைக் கூலிம்மா" என்றன. முள்ளம்பன்றி வளையிலும் சிவப்பு. "குழாய்க்கு ஒண்ணுன்னு பேசினோமே" என்றான். மயிலின் கிளையடியிலும் சிவப்பு. மயிலோ பெருமையாக ஒரு தடவை தோகையை விரித்துக் காட்டினான்.

நடந்து நடந்து கால்கள் தானாக அவளை ஓடைக்குக் கொண்டுவந்துவிட்டன. நாவல் மரத்தடியில் பழுத்த இலைகள் உதிர்ந்து கிடந்தன. அவள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான வேர் அப்படியே இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

முன்பெல்லாம் இந்நேரத்துக்கு முயல் வரும். அப்புறம் மான் வரும், பின்னாலேயே குட்டிகள் வரும். எல்லாரும் அவரவர் இலையோடு வருவார்கள். அவரவர் காலால் நடந்து வருவார்கள். ருசி பார்த்து வாங்குவார்கள், அதனால் யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. கரடியம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். நடந்தது அவர்கள். இலை அவர்களுடையது. இவள் பெயரை மற்றவர்களிடம் சொன்னதும் அவர்களே. இதற்கெல்லாம் அவர்கள் ஒரு கொட்டைகூடக் கேட்டதில்லை. இப்போது அத்தனைக்கும் இவள் கொடுக்கிறாள்.

மடியிலிருந்து எட்டுச் சிவப்புக் கொட்டைகளை எடுத்து வேரின்மேல் வைத்தாள். ஒரு குழாயின் விலை.

"இது அணிலுக்கு" என்று மூன்றைத் தள்ளிவைத்தாள். மரங்கொத்திக்கு இரண்டு. குரங்குக்கு இரண்டு. முள்ளம்பன்றிக்கு ஒன்று.

கை நின்றுவிட்டது. வேரில் ஒன்றும் மிச்சமில்லை.

"மயிலுக்கு எங்கேம்மா?" என்று மூத்த குட்டி கேட்டது.

"அதை நம்ம குகையிலேருந்து எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றாள் கரடியம்மா. "தள்ளுபடி போட்டதுலேருந்து ஒவ்வொரு குழாய்க்கும். எத்தனை தட்டல்னு எண்ணிச் சிரிச்சேனே, அத்தனை தடவையும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கொட்டை போனதற்காக மட்டும் இல்லை. பொந்து வாசலில் கீரியின் முகம் சுருங்கியதை நினைத்து அழுதாள்.

அன்றைக்கே தள்ளுபடி போனது. மரங்கொத்தியைக் கூப்பிட்டாள். "தட்டி வாங்கறவங்களுக்கு இனிமே பதினாறு. ஓடைக்கு நடந்து வந்தா பழையபடி பத்து."

"பதினாறா! யாரு வாங்குவாங்கக்கா?"

"வேணுங்கறவங்க வாங்கட்டும். அவங்க நடக்காத நடைக்கும் சேர்த்து அவங்கதான் குடுக்கணும். நான் குடுத்தா என் குட்டிங்க பட்டினி கிடக்கும்."

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து தட்டல்தான் வந்தது. வந்த ஒவ்வொன்றிலும் ஏழு கொட்டை குகைக்குப் போனது.

பிறகு கீரியின் பொந்து வாசலுக்குப் போனாள். கல் அப்படியே இருந்தது. "திருடன் கிடைச்சுட்டான் கீரி. என் கைதான் அது. நான் உன்னைச் சொன்னது பெரிய தப்பு" என்றாள். கல் நகரவில்லை.

மீதியிருந்த மூன்று குழித் தேன்நெல்லியோடு ஓடைக்கரையில் கடை திறந்தாள். முயல் வந்தது. மான் வந்தது. குட்டிகள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு உருண்டன. மான்குட்டி இந்த மூன்று மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. கரடியம்மா தினமும் கடையைக் கட்டும் முன் கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கீரி வரவில்லை.

ஐப்பசி பிறந்து, மேற்கே மேகம் கறுத்த நாள். குவியல் கோட்டைத் தொடவில்லை. பாதிக்கும் கீழேயே நின்றது. அந்த மழையில் பாதி நாளாவது நனைந்துகொண்டே கரையான் புற்றுத் தோண்டப் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குடுக்கையின் அடியில் ஒரு இலைக்கு வேண்டியதுதான் இருந்தது. முதல் தூறல் விழுந்தது. எழுந்திருக்கப் போனாள்.

எதிரே ஒரு தேக்கிலை நீண்டது.

கீரி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்துக் கொட்டையை வேரின்மேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். கரடியம்மா குடுக்கையைக் கவிழ்த்து, அடியில் இருந்ததை எல்லாம் அவன் இலையில் ஊற்றினாள். அவன் ஒரு காயை எடுத்து வாயில் போட்டான். ஒரு கண் சுருங்கியது.

"கொஞ்சம் புளிப்பு" என்றான்.

கரடியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புளிச்சா வச்சிட்டுப் போயேன்" என்றாள்.

கீரி மழையில் நின்றபடியே இலையை நக்கினான்.

நீதி: எத்தனை விற்றது என்பது வரவு ஆகாது, பொருள் போய்ச் சேரும் வழியில் ஆகும் அத்தனை செலவும் போக, கையில் நிற்பதுதான் வரவு.