மாடிவீட்டுக் கரித்தூசி

ஒரு சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சுக்குள்ளே ஒரு நுரையீரல் இருந்தது. அவர் பேர் சடையாண்டி. நிலக்கரி வெட்டுகிறவர் இல்லையா, அதனால் நுரையீரலின் மேல்மாடியில் கரித்தூசி பல வருஷமாகக் குடியிருந்தது. காலி பண்ணு என்றால் காதிலேயே வாங்காது. நுரையீரலுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் சுரங்கத்தில் வாயு தீப்பிடித்து வெடித்தது. வெடிக்காற்று சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சுக்குள் புகுந்து, நடுக்கூடத்தில் ஓர் உதை உதைத்துவிட்டுப் போய்விட்டது. வெளியே தோலில் ஒரு கீறல்கூட இல்லை. சடையாண்டி தன் காலாலேயே நடந்து மேலே வந்து, தலைவிளக்கைக் கழற்றிக் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வலிக்குது என்று சொன்னவனுக்கு மறுநாள் வேலை கிடைக்காது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரே படத்தின் கண்ணுக்குக் கரியும் வெள்ளை, ரத்தமும் வெள்ளை. அது கொட்டாவி விட்டபடி, "சுரங்கக்காரர் நெஞ்சா? பழைய தூசிதான். நான் பார்க்காததா!" என்றது.

"ஐயோ, நடுக்கூடம் பூரா ரத்தம் கசியுதே!" என்று நுரையீரல் அலறியது. அந்தக் குரல் விலா எலும்பைத் தாண்டவில்லை. டாக்டர் தமயந்தியும் படத்தை நம்பி, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். சடையாண்டியின் மனைவி அன்னக்கொடி அவருடைய செருப்பை எடுத்துப் போட்டாள். வாசலைத் தாண்டினால் சடையாண்டி பிழைக்க மாட்டார். அது நுரையீரலுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கோ கண் செருகிக்கொண்டு வந்தது. எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது.

அப்போது மாடிக்கதவு திறந்தது. கரித்தூசி எட்டிப் பார்த்தது.

"எவனோ செஞ்சதுக்கு என் பேரைச் சொல்றதா? கீழே நான் காலே வச்சதில்ல!"

"அதை அவங்ககிட்ட சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று நுரையீரல் கெஞ்சியது.

தூசிக்குத் தெரிந்த ஒரே பேச்சு இருமல். அது வாய் ஓயாமல் பேசியது. வாசற்படியில் சடையாண்டி குலுங்கிக் குலுங்கி இருமினார். அன்னக்கொடி நீட்டிய முந்தானையில் சிவப்பு நுரை விழுந்தது.

"டாக்டரம்மா! இங்க வந்து பாருங்களேன்!"

டாக்டர் பதறி ஓடிவந்தார். வட்ட வாய் கொண்ட சி.டி. ஸ்கேன் சடையாண்டியை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. கத்தியே இல்லாமல் நெஞ்சை ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்தது.

"மாடியில் இருப்பது தூசி. கூடத்தில் இருப்பது அடி" என்று நிதானமாகச் சொன்னது. உடனே ஆக்சிஜன் வந்தது, மருந்து வந்தது. நுரையீரல் மிதந்து மிதந்து கரைக்கு வந்து சேர்ந்தது.

கூடம் காய்ந்த பிறகு மறுபடியும் படம் எடுத்தார்கள்.

"அடி ஆறிடுச்சுங்க ஐயா" என்று டாக்டர் சிரித்தார். "இப்ப இருக்கிறது பழைய தூசி மட்டும்தான். இனி வேலைக்குப் போகலாம்."

அன்னக்கொடி கும்பிட்டு அழுதாள். நுரையீரல் பயத்தோடு மாடியை அண்ணாந்து பார்த்தது.

அங்கே கரித்தூசி பாயை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டிருந்தது.

"ஒரே உதையில வந்தவனைப் பிடிச்சுட்டாங்க" என்றது. "நான் சிட்டிகை சிட்டிகையாத்தானே வர்றேன், என்னை யாரு பிடிக்கப்போறா?"