கோட்டை விட்டவர் யார்?

செங்கழனி ராஜாவுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பலாப்பழம், இன்னொன்று கிரிக்கெட். பலாப்பழப் பைத்தியம் அவர் வயிற்றோடு போச்சு. கிரிக்கெட் பைத்தியம் அரண்மனையையே ஆட்டி வைத்தது.

அன்றைக்கு அரண்மனைக்கும் குதிரை லாயத்துக்கும் ஆட்டம். லாயத்தில் பந்து போடுகிறவன் தவசி, குதிரைக்குக் கொள்ளு வேகவைக்கிறவன். கடைசி ஆளாக மட்டையோடு வந்தான். "பந்து போடுற பயலுக்கு மட்டை ஒரு கேடா!" என்று கூட்டம் சிரித்தது. முப்பத்தொரு ரன் விளாசிவிட்டுத்தான் போனான்.

பிறகு அரண்மனை ஆடியது. கடைசி ஜோடி, ஜெயிக்க இரண்டே ரன். தவசி பந்தோடு ஓடி வந்தான். அவன் பக்கத்து முனையில் நின்றவர் ராணியின் தம்பி மருதப்பத் துரை. துரைக்கு ஒரே அவசரம். பந்து கையை விட்டுப் போகுமுன்னே பாதி தூரம் ஓடிவிட்டார். தவசி நின்றான். பந்தால் குச்சியைத் தட்டினான். நடுவராக நின்ற அரண்மனை எழுத்தர் கொண்டல்சாமி விரலைத் தூக்கிவிட்டார். துரை அவுட், ஆட்டம் லாயத்துக்கு.

மறுநாள் சபையில் துரை பாம்பாகச் சீறினார்.

"அத்தான், இது நியாயமா? எதிரே நிக்கிறவனுக்குப் போட வேண்டிய பந்தை வச்சு என்னைக் கவுத்துட்டான். அதோட, பந்து போடுறவன் கையில மட்டை எதுக்கு?"

"துரை சாப்பிடுற கையாலதானே மீசையும் முறுக்குறார்?" என்றார் கொண்டல்சாமி.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கொண்டல்சாமியின் நினைப்பு தவசி மேல் போனது. தவசிக்குக் கோட்டைக்குள்ளே ஒரு குடிசைதான் சொத்து. பெண்டாட்டி வேறு நிறைமாசம். 'நான் தூக்கின விரலாலே அவன் குடும்பம் தெருவுக்கு வரணுமா?'

"மச்சான், உனக்கு என்ன வேணும்?" என்றார் ராஜா.

"அவன் கோட்டை விட்டு வெளியேறணும்!"

"ஓய் கொண்டல்சாமி! உத்தரவு எழுதுறது உம்ம வேலைதானே? எழுதும்."

"யாருன்னு எழுதட்டும் மகாராஜா?"

"இதிலே என்ன கேள்வி? நேத்து ஆட்டத்திலே தப்பு பண்ணினவன் எவனோ, அவன் கோட்டை விட்டு வெளியேறணும். அவ்வளவுதான்!"

கொண்டல்சாமி அட்சரம் பிசகாமல் எழுதினார். ராஜா முத்திரை குத்தினார். துரை மீசையை முறுக்கினார்.

கொண்டல்சாமி ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்ன ஓய், செருகிக்கிட்டீர்? போய் நிறைவேத்தும்!"

"உத்தரவு நேத்தே நிறைவேறியாச்சு மகாராஜா."

"நேத்தேவா?"

"பந்து கையை விட்டுப் போற வரைக்கும் கோட்டுக்குள்ளே நிக்கணுங்கறது ஆட்டத்தோட சட்டம். தவசி அதுக்குள்ளேதான் நின்னான். அந்தக் கோட்டை விட்டவர் துரை. நான் விரலைத் தூக்கினேன், வெளியேறிட்டார். ஊரே பார்த்துச்சு."

ராஜா சிரித்தார் பாருங்கள், தலைப்பாகை கழன்று மடியில் விழுந்தது. தவசியைக் கூப்பிட்டுத் தன் சொந்த மட்டையைக் கொடுத்தார். "இனிமே நீ நம்ம பக்கம்டா. முதல் ஆளா இறங்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரி ஓய், இரண்டே ரன்தானே பாக்கி? கையிலே இருந்த ஆட்டம் எப்படிப் போச்சு?" என்றார்.

"அதையும் துரைதான் கோட்டை விட்டார், மகாராஜா!"