கூப்பிடு தூரத்து யானைகள்

தாமரைமடு என்ற காட்டுக் குளத்தைச் சுற்றிப் புள்ளிமான்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றின் தலைவி செவ்வந்தி. குளக்கரை நாவல் மரத்தில் ஒரு மந்தி இருந்தது. சிறுத்தை தலை காட்டினால் போதும், மந்தி மேலேயிருந்து கத்தும். மான்கள் முன்காலால் தரையைத் தட்டி ஒன்றையொன்று எச்சரித்துவிட்டுப் பறந்துவிடும். மந்தி உதிர்க்கும் பழமெல்லாம் மான்களுக்கு. இப்படித்தான் காலம் போயிற்று.

ஒரு கோடையில் மலைக்கு அப்பாலிருந்து செந்நாய்கள் வந்தன. ஒன்றிரண்டல்ல, பெரும் படை! மான்கள் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கம் ஒரு நாய் நின்றது. செவ்வந்தி எப்படியோ தப்பி மேட்டுக் காட்டுக்கு ஓடினாள். யானைக் கூட்டத்தின் தலைவி பேரடியின் முன்னால் போய் விழுந்தாள்.

"அக்கா! எங்க கூட்டமே அழிஞ்சுடும்! வாங்க!"

பேரடி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காதை விசிறினாள், நடந்தாள். மொத்தக் கூட்டமும் பின்னால் நடந்தது. அடேயப்பா, அதைப் பார்த்திருக்க வேண்டும்! மலையே எழுந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. செந்நாய்கள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தன. மறுமுறை பார்க்க அவை அங்கே இல்லை.

மான்கள் துள்ளிக் குதித்தன. "இங்கேயே இருங்க! இளம் மூங்கில் எல்லாம் உங்களுக்குத்தான்!" என்றன.

யானைகள் இருந்தன. மழைக்காலம் வந்தது, போனது. அப்போதும் இருந்தன. அடுத்த கோடை பிறந்தது. அப்போதும் இருந்தன.

அவை கெட்டவை அல்ல. ஆனால் யானை யானைதானே! குளித்தால் குளம் சேறாகும். நடந்தால் புல் மண்ணோடு மண்ணாகும். அதுவும் போதாதென்று, வெண்கோடன் என்ற இளம் கொம்பன் குளத்துக்கு இறங்கும் வழியில் காவல் நின்றான். வருகிற மானையெல்லாம் மறித்து, "யாரது? எங்கே போறே?" என்று அதட்டினான். பிறந்த குளத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது!

மான்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தின. யானைகள் கரைக்கு வந்தால் எழுந்து போயின. குட்டிகள் புதர் மறைவிலிருந்து, "குளத்தைக் கலக்கறவங்களா, உங்க காட்டுக்குப் போங்க!" என்று கத்திவிட்டு ஓடின.

யானைகளுக்கு மனம் நொந்தது. அத்தி மரத்தடியில் ஒன்றுகூடின.

"நன்றி கெட்ட கூட்டம்!" என்று வெண்கோடன் பிளிறினான். "இன்னைக்கே போயிடலாம் பெரியம்மா! நாய் வரட்டும், அப்போ தெரியும் நம்ம அருமை!"

"வாயை மூடுடா!" என்றாள் தாழை என்ற பெண் யானை. "நாம போன மறுநாளே நாய் வந்தா, செத்துப்போற குட்டிக்கு யார் பதில் சொல்றது? காப்பாத்தறோம்னு வந்துட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னு பாதியில விட்டுட்டுப் போறதா?"

கூட்டத்திலேயே பருத்தவனான தொந்தியன் மெல்லத் துதிக்கையை உயர்த்தினான். "நான் ஒண்ணு சொல்றேன், யாரும் அடிக்கக் கூடாது. இந்த மாதிரி மூங்கில் குருத்து நம்ம மேட்டுல கிடைக்காது. நான் காவலுக்கு இருக்கேனா, சாப்பாட்டுக்கு இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்.

"குளம் அவங்களுது. நாமளே பேசிக்கிட்டிருந்தா எப்படி?" என்றாள் பேரடி. "செவ்வந்தியைக் கூப்பிடுங்க."

செவ்வந்தி தன் குட்டி குன்றியோடு வந்தாள். மந்தியும் கூடவே தாவி வந்தது. சுற்றிலும் அத்தனை பெரிய உருவங்கள்! ஆனாலும் செவ்வந்தி பேசினாள்.

"அக்கா, நீங்க வரலேன்னா நான் இன்னைக்கு உயிரோட இல்லே. செத்தாலும் அதை மறக்க மாட்டேன். ஆனா நீங்க போகணும்."

"குளத்தைச் சேறு பண்ணிட்டோம்னா?"

"சேறு தெளிஞ்சுடும் அக்கா. இவளைப் பாருங்க. நீங்க வந்த அப்புறம் பிறந்தவ. மந்தியக்கா, கொஞ்சம் கத்துங்க!"

மந்தி அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்து கத்தியது. மரத்துப் பறவையெல்லாம் எழுந்து பறந்தது. முயல்கள் புதருக்குள் பாய்ந்தன. குன்றி மட்டும் காதைக்கூட அசைக்கவில்லை. புல்லை மென்றுகொண்டே, "எதுக்கும்மா இந்த மந்தி கத்துது? அதான் யானை இருக்கே!" என்றாள்.

செவ்வந்தி பேரடியை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தீங்களா? எங்க குட்டிங்க யாருக்கும் பயப்படத் தெரியலே, ஓடத் தெரியலே. பெரியவங்களுக்கே தரையைத் தட்டற பழக்கம் விட்டுப்போச்சு. நீங்க இருக்கற வரைக்கும் இதுங்க கத்துக்கவும் கத்துக்காது. என்னைக்காவது நீங்க ஒருநாள் இல்லேன்னா, அன்னைக்கு இவ இல்லே."

பேரடி அந்தக் குட்டியைத் துதிக்கையால் தடவினாள். பிறகு, "கேப்போம்" என்றாள்.

எதையும் முடிவு செய்வதற்கு முன் மண்ணைக் கேட்பது யானைகளின் வழக்கம். அத்தனை யானையும் ஆடாமல் அசையாமல் நின்றன. காதுகள் விரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு முன்காலை லேசாகத் தூக்கி, நகநுனியை மட்டும் தரையில் ஊன்றியது. அவ்வளவு பெரிய உடம்புகள் அவ்வளவு அமைதியாக நிற்கும் என்று செவ்வந்திக்கு இதுவரை தெரியாது.

"என்ன பண்றீங்க?" என்று தாழையிடம் கிசுகிசுத்தாள்.

"காலால கேக்கறோம். தூரத்துல நடக்கறதெல்லாம் மண்ணு வழியா எங்களுக்கு வரும்."

பேரடி கண்ணைத் திறந்தாள். "மலைக்கு அப்பால நாய்ங்க இருக்கு. பசியோட ஓடிக்கிட்டிருக்கு. நாம போனா ஆபத்து, இருந்தாலும் ஆபத்து. என்னதான் பண்றது?"

இதற்குள் குன்றிக்குத் தாகம் எடுத்துவிட்டது. குளத்துப் பக்கம் நடந்தாள். பழக்க தோஷம், வெண்கோடன் குறுக்கே வந்து நின்றான்.

"யாரது? எங்கே போறே?"

குன்றிக்கு வந்ததே கோபம்! முன்காலை ஓங்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எங்க குளம்! வழி விடு!"

சட்டென்று எல்லா யானைகளின் தலைகளும் திரும்பின.

"யார் தட்டினது?" என்றாள் பேரடி.

குன்றி பயந்துபோய் அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒளிந்தாள். "நான்தான். இனிமே தட்ட மாட்டேன்."

"இல்லே கண்ணு, இன்னொரு தடவை தட்டு!"

குன்றி தட்டினாள். நெல்லிக்காய் அளவுக் குளம்பு! அந்தத் தட்டு மண் வழியே போய், உரல் போன்ற பாதங்களில் ஏறி, அத்தனை பெரிய உடம்புகளையும் சிலிர்க்க வைத்தது.

"தங்கச்சி," என்றாள் பேரடி, "ஒரு குட்டி தட்டினதே இப்படிக் கேக்குது. உங்க கூட்டமே சேர்ந்து தட்டினா, மேட்டுக் காட்டுல எங்களுக்குக் கேக்கும். உடனே கிளம்பி வருவோம். ஆனா நாங்க வந்து சேர்ற வரைக்கும் நீங்கதான் ஓடணும்."

"ஓடுவோம் அக்கா!"

மறுநாள் விடிந்ததும் யானைகள் புறப்பட்டன. ஒரு சுள்ளி முறியவில்லை, ஒரு சத்தம் எழவில்லை. பனிக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. மான்கள் கரையில் நின்று பார்த்தன. நேற்று வரை போகச் சொன்ன வாய்கள் எதுவும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து மந்திக்கு ஓய்வே இல்லை. சும்மா சும்மாக் கத்தியது. குட்டிகள் ஓடிப் பழகின. முதலில் ஒன்றன்மேல் ஒன்று மோதி விழுந்தன. குன்றி முட்புதரில் போய் மாட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அழுகையோடு அழுகையாக அவளுக்கு வேகமும் வந்தது. குளமும் தெளிந்து, அடிமணல் தெரிந்தது.

ஒரு நாள் காலை மந்தி கத்தியது. இந்த முறை விளையாட்டில்லை. மலைச்சரிவில் சிவப்பாகச் செந்நாய்கள் இறங்கிக்கொண்டிருந்தன!

"தட்டுங்க!" என்றாள் செவ்வந்தி.

எல்லாக் குளம்புகளும் ஒன்றாக விழுந்தன. தரை அதிர்ந்தது. அடுத்த நொடி மான்கள் பறந்தன. நாய்கள் துரத்தின. குன்றியின் பின்னங்காலுக்கு ஒரு முழம் பின்னால் ஒரு நாயின் பல் தெரிந்தது. அவள் புதரைச் சுற்றினாள், பாறையைத் தாண்டினாள், நிற்கவே இல்லை. நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. அப்போது காலடி மண் முனகியது. துரத்திய நாய் திடுக்கிட்டு நின்று மேலே பார்த்தது.

மேட்டு விளிம்பில், இளவெயிலில், யானைகள்! வானத்தை மறைத்து வரிசையாக நின்றன. பேரடி துதிக்கையைத் தூக்கிப் பிளிறியதில் மலைகள் திரும்பப் பிளிறின. நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போயின.

மான்களை எண்ணிப் பார்த்த செவ்வந்தி தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

யானைகளோ அங்கேயே நின்றன. கீழே இறங்கவில்லை.

"அக்கா! இறங்கி வாங்க! தண்ணி குடிச்சுட்டுப் போங்க!" என்று மான்கள் எல்லாம் கூவின.

அப்புறம்தான் இறங்கின. வெண்கோடன் முதலில் வந்தான். குளத்து வழியில் குன்றி குறுக்கே நின்றாள். அவனுடைய முழங்காலுக்குக்கூட எட்டாத உயரம்.

"யாரது? எங்கே போறே?"

வெண்கோடன் தந்தம் தரையைத் தொடும்வரை தலையைத் தாழ்த்தினான். "தண்ணி குடிக்க வந்திருக்கேன். வரலாமா?"

"வாங்க மாமா!" என்று குன்றி வழி விட்டாள்.

யானைகள் கரையோரமாக நின்று, கலக்காமல் குடித்தன. பொழுது சாயும் முன் சொல்லிக்கொண்டு மேடேறிப் போயின.

துணைக்கு வந்தவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் உறவு. கூப்பிடாமலே வாசலை அடைத்து நின்றால், எத்தனை நல்லவரானாலும் பாரம்தான்.