மலை உச்சிப் பள்ளியும் நரியின் கடனும்

நாவல் மரப் பொந்து ஒன்றில் துள்ளி என்ற அணில் தன் தாயோடு இருந்தது. அதற்கு எப்படியாவது நர்ஸ் ஆகிவிட வேண்டும் என்று ஆசை. யாராவது தும்மினால் போதும், ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும். ஒரு நாள் ஓணான் சும்மா தலையை ஆட்டிக்கொண்டு வெயில் காய்ந்தது. "ஐயோ, உனக்குக் குளிர் ஜுரம்!" என்று அதன் மேல் தேக்கிலையைப் போர்த்திவிட்டது துள்ளி. ஓணானுக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

காட்டின் நடுவே யானை ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தது. அங்கே நர்ஸ் வேலை கிடைத்தால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கூடை வேர்க்கடலை சம்பளம். ஆனால் படித்தவர்களுக்குத்தான் வேலை.

படிக்க இரண்டு பள்ளிகள் இருந்தன. மலை உச்சியில் மயில் நடத்துவது ஒன்று. வழவழப்பான பாறைத் தரை, பக்கத்திலேயே அருவி, படித்து முடித்தால் தலையில் செருகிக்கொள்ள ஒரு மயிலிறகு! இன்னொன்று குளக்கரையில் கொக்கு நடத்துவது. அங்கே தரை என்று பார்த்தால் சேறுதான். காலையில் பாடம் நடக்கும். மத்தியானம் எருமைகளின் முதுகில் ஏறி உண்ணி பிடுங்கவேண்டும், புண்ணுக்கு மஞ்சள் தடவவேண்டும்.

கொக்குப் பள்ளிக்குக் கட்டணம் இரண்டு கூடை கடலை. அதைத் துள்ளி ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தது. மயில் பள்ளிக்கோ இருபது கூடை!

"மயில் பள்ளியிலயே சேருடி," என்றது தாய் அணில். "நாளைக்கு நாலு பேர் கேட்டா, எருமை மேல உக்காந்து படிச்சேன்னா சொல்லுவே?"

"இருபது கூடைக்கு எங்கேம்மா போறது?"

"நான் இருக்கும்போது என்ன கவலை!" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. நரிதான். கடன் கொடுப்பது அதன் தொழில். யாருக்காவது ஆசை வந்தால் அதற்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும்.

"இருபது கூடையும் நான் தர்றேன். வேலை கிடைச்சதும் முப்பதாத் திருப்பிக் கொடுத்தாப் போதும். மயில் பள்ளியில படிச்சவங்களுக்குச் சம்பளம் ரெட்டிப்பு! கடன் தன்னால தீர்ந்துடும். அடமானமா இந்த நாவல் மரத்தை மட்டும் எழுதிக் கொடுங்க."

தாய் அணில் உடனே சரி என்று தலையாட்டியது. துள்ளி ஆட்டவில்லை. பொந்துக்குள் இன்னும் கண் திறக்காத மூன்று தம்பி தங்கைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மரம் போய்விட்டால் அந்தக் குட்டிகள் எங்கே போகும்? ஆனாலும் மயிலிறகு கண்ணுக்குள் ஆடியது. பொய் சொல்வானேன், ரொம்பவே ஆடியது.

"நாளைக்குச் சொல்றேன் நரியண்ணே," என்று சொல்லிவிட்டு, துள்ளி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

"யானையம்மா! மயில் பள்ளியில படிச்சா சம்பளம் ரெட்டிப்பாமே?"

யானை வயிறு குலுங்கச் சிரித்தது. "யாரு சொன்னது? இங்கே எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான். என் காலுல குத்தின முள்ளை வலிக்காம எடுக்கணும். எடுத்துட்டா ஒரே வேலை, ஒரே கூடை!"

"குளக்கரையில படிச்சவங்க அதுல தேறுறாங்களா?"

"எருமைத் தோலுல உண்ணி பிடுங்கின கை ஆச்சே! நல்லாவே தேறுறாங்க."

அன்று பௌர்ணமி, சம்பள நாள். குளக்கரையில் படித்த முயல் நர்ஸ் தன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி வீட்டுக்குப் போனது. மயிலிறகு செருகிய குரங்கு நர்ஸின் கையில் ஒரு பிடி கடலைதான் இருந்தது.

"மீதி எங்கே அக்கா?"

"நரி வாசல்லயே வாங்கிட்டுப் போயிட்டான். பசி தாங்காம போன மாசம் இந்த இறகை மென்னு பார்த்தேன். நல்லாவே இல்லடி!" என்றது குரங்கு.

மறுநாள் காலையில் நரி நாவல் மரத்தடிக்கு வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் காக்கைகளும் கூடிவிட்டன.

"நரியண்ணே, சம்பளம் ரெட்டிப்புங்கிறது நிச்சயம்தானே?" என்று கேட்டது துள்ளி.

"என் வால் மேல சத்தியம்!"

"அப்படின்னா முப்பது கூடைக் கணக்கு எதுக்கு? மத்தவங்களுக்கு ஒரு கூடை, எனக்கு ரெண்டு கூடை வரும். அந்த அதிகப்படிக் கூடையை என் ஆயுசு பூரா நீங்களே எடுத்துக்கோங்க! அடமானம் மட்டும் வேண்டாம்."

நரியின் முகம் சுருங்கியது. "அது வந்து... அந்த அதிகப்படி வராமப் போச்சுன்னா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டது.

காக்கைகள் கொல்லென்று சிரித்தன.

"பாத்தீங்களா! அது வராதுன்னு உங்களுக்கே தெரியுது. நீங்க நம்பாத சம்பளத்தை நம்பி நாங்க மரத்தை எழுதித் தரணுமா?" என்றது துள்ளி.

"அடப்பாவி! என் புள்ளைங்க தூங்குற மரத்துக்கா அடி போட்டே?" என்று தாய் அணில் கிளையைப் பிடித்து உலுக்கியது. நாவல் பழங்கள் மழையாகக் கொட்டின. நரி ஊதா நிறத்தில் ஓட்டம் பிடித்தது!

துள்ளி குளக்கரைப் பள்ளியில் சேர்ந்தது. சேற்றில் வழுக்கி விழுந்தது, எருமையின் வாலால் அடி வாங்கியது, உண்ணி பிடுங்குவதில் கெட்டிக்காரி ஆனது. முள்ளுப் பரீட்சையில் யானைக்கு முள் எடுத்ததே தெரியவில்லை. முதல் சம்பளக் கூடை முழுசாக வீடு வந்தது. தம்பி தங்கைகள் அதைச் சுற்றிக் குதித்தன. தாய் அணில் மரத்துக்கு மரம் போய், "என் பொண்ணு எருமை மேல உக்காந்து படிச்சவளாக்கும்!" என்று பீற்றிக்கொண்டது.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நரி நொண்டிக்கொண்டு வந்தது. காலில் பெரிய கருவேல முள். வந்ததும் துள்ளியிடம் காலை நீட்டியது.

"என்கிட்டயா அண்ணே? என் தலையில மயிலிறகு இல்லையே!"

"இறகு கிடக்கட்டும் தாயே! முள்ளை எடு!" என்று அலறியது நரி.

துள்ளி சிரித்துக்கொண்டே முள்ளை எடுத்தது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளியின் பகட்டைப் பார்க்காதே. வாங்கிய கடன் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று பார்.